காதைத் திருகும் உரிமை

என் அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஒரு கூட்டம் எங்கள் வீட்டுக் கேசரியைத் தின்றுவிட்டுச் சொல்லிவிட்டுப் போனது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் எனக்கு ஆறவில்லை. தெரியாதாம். ‘கெட்’ என்கிற ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு காலையில் எழுவதிலிருந்து ராத்திரி படுக்கிறவரை இங்கிலீஷிலேயே காலம் தள்ளக்கூடியவள் அவள். அவளைத் தயார் செய்தது நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அத்தை என்பது அப்பாவின் கடைசித் தங்கை. ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களோடுதான் இருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கும் பழகி, எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பேசிக் காட்ட வேண்டும், அதுவும் இங்கிலீஷில். டைப்ரைட்டிங் வகுப்பில் அவளோடு படித்த ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருத்திதான் வழி சொன்னாள். பெரிய பெரிய வார்த்தையெல்லாம் மனப்பாடம் பண்ணாதே, ‘கெட்’டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்றாளாம்.

அவள் சொன்னது நிஜம்தான். எழுந்திருக்க கெட் அப், பஸ்ஸை விட்டு இறங்க கெட் டவுன், கிளம்பத் தயாராக கெட் ரெடி. ஆஸ்பத்திரியில் கிடப்பவர் தேறிவர கெட் வெல், கோபம் வந்தால் கெட் ஆங்ரி, எதிராளி பிடிக்காவிட்டால் கெட் அவுட். டெலிபோனில் லைன் கிடைத்துவிட்டால் கெட் த்ரூ. இந்தக் கடைசி ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அத்தை காதில் கையை வைத்துக்கொள்வாள், ரிசீவர் அங்கே இருக்கிற மாதிரி.

நாங்கள் பழகியது இப்படி. நான் தமிழில் ஒரு சங்கதியைச் சொல்வேன். அவள் காரப்பொடி மீனை ஆய்ந்துகொண்டோ, குழாயடியில் வரிசையில் நின்றுகொண்டோ அதை ‘கெட்’ போட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவள் காதைத் திருகும் உரிமை எனக்கு உண்டு. அவளே கொடுத்த உரிமை. பள்ளிக்கூடத்தில் என் காது படும் பாட்டுக்கெல்லாம் அதில் வட்டியோடு ஈடுகட்டிக்கொண்டேன். பத்துப் பதினைந்து நாளில் எனக்குத் திருகக் காது கிடைப்பதே அரிதாகிவிட்டது. அவ்வளவு சுத்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இன்டர்வியூ ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த மத்தியானத்தில், அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மாப்பிள்ளையோ அதே துறைமுகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். அதனால் வீடே பரபரத்துக் கிடந்தது. அம்மா கேசரி கிளறினாள். கடையிலிருந்து ஆறு பாட்டில் கலர் சோடா வந்தது. ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய அண்ணன் பேசினார். எங்கள் வீட்டுச் சுவரை, கூரையை, மாதா படத்துக்குப் போட்ட மாலையை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கேசரியை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு சொன்னார்: “வேலைக்கு கீலைக்குன்னு பொம்பளைங்கள வெளியே அனுப்புற வழக்கம் எங்க வூட்ல கெடையாது. ஆனா இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கணும். நாளைக்குப் பொறக்குற புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும் பாரு.”

அப்பா யோசிக்கக்கூட இல்லை. அதுக்கென்னங்க, அனுப்ப வேணாம் என்று உடனே சொல்லிவிட்டார். மறுநாள் இன்டர்வியூ இருப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் அத்தை கலர் பாட்டில்களைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன்.

அவள் வந்து கலரை வைத்துவிட்டு நின்றதும் அந்த அண்ணன், பொண்ணை ஏதாவது இங்கிலீஷில் பேசச் சொல்லுங்க என்றார். மற்ற வீடுகளில் பாடச் சொல்வார்களாம், இவருக்கு இது. காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அப்படி ஒரு பார்வை. அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. ஆனால் அன்றைக்கு, கேவலம், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் சரக்கு சுத்தம் என்று எனக்குத் தெரியுமே.

அப்பாவுக்கும் அதே பெருமை. “தோ, எம் பொண்ணு தமிழ்ல கேக்கும், அது இங்கிலீஷ்ல சொல்லும் பாருங்க. பாப்பா, கேளும்மா” என்றார்.

நான் முன்னால் வந்து நின்றேன். எடுத்த எடுப்பிலேயே கஷ்டமானதைக் கேட்டு அவளைத் திணறடிக்கக் கூடாது என்று, பஸ்ஸை விட்டு இறங்கு என்று கேட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு, “பஸ் கம் டவுன்” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. சரி, பயம் என்று நினைத்து இன்னும் சுலபமாக, காய்ச்சல் சரியாகி நல்லாயிடு என்று கேட்டேன். “ஃபீவர் வெரி குட்” என்றாள். மாப்பிள்ளையின் அண்ணன் சிரித்தார். எனக்குக் காது சூடானது. கல்யாணம் பண்ணிக்கோ என்று அடுத்ததைக் கேட்டேன். கெட் மேரீட். இரண்டே வார்த்தை. அத்தை கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல நின்றுவிட்டு, “தெரியலை” என்றாள்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் கை பொறுப்பு. வழக்கமாகச் செய்வதை அது செய்தது. கட்டில் மேல் ஏறி அத்தையின் காதைப் பிடித்துத் திருகிவிட்டேன், மூன்று தப்புக்கும் சேர்த்து. ஜிமிக்கி கழன்று என் கையோடு வந்துவிட்டது. அத்தையோ குனிந்து காதை இன்னும் வாகாகக் காட்டினாள்.

கூட்டம் எழுந்துகொண்டது. பட்டுப்புடவை கட்டி நிற்கிற பெண்ணின் காதை ஒரு பொடிசு திருகுகிறது, அவளும் வாங்கிக்கொண்டு நிற்கிறாள், இது என்ன வீடு என்று அந்த அண்ணன் சந்தில் இறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனார். படிச்ச பொண்ணுன்னு சொல்லி ஏமாத்தப் பாத்தீங்களே என்று வேறு. நான் பின்னாலேயே ஓடி, அவளுக்கு எல்லாம் தெரியும், பொய் சொல்றா என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. வாயில்லாத அந்த மாப்பிள்ளையும்தான்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா என் முதுகில் வைத்தாள் ஒன்று. தப்பாகச் சொன்னவள் அத்தை, அடி எனக்கு. இதைவிட அநியாயம் உலகத்தில் உண்டா? அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அத்தையிடம் சொன்னார்: “மானம் போச்சி. நாளைக்கி எண்ணூருக்கும் போ. அங்கயும் போயி அசிங்கப்பட்டுகினு வா.”

ஏன் சரியாகச் சொல்லவில்லை என்று அத்தையைக் கேட்கச் சமையலறைக்குப் போனேன். அவமானப்பட்டவள் மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்றுதான் நினைத்தேன். அத்தை காதைத் தேய்த்துக்கொண்டு, விருந்தாளிகள் மீதம் வைத்த கலரைக் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திராட்சைக் கலர் அது. அந்த வருத்தமும் தனியாக இருக்கிறது.

மறுநாள் காலையில் அதே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு என்னையும் கூட்டிப்போனாள். வழியெல்லாம், கேளு கண்ணு, கேளு என்றாள். நான் கேட்கவில்லை. என் வாய்க்குப் பூட்டு. கடைசியில் அவளே ஆரம்பித்தாள். கெட் அப்பில் தொடங்கி, கெட் டவுன், கெட் வெல், கெட் மேரீட் என்று ஒன்று விடாமல், ஒரு தப்பு இல்லாமல், பஸ் வந்து நிற்கிறவரை ஒப்பித்தாள்.

“இத்த நேத்தே சொல்றதுக்கு இன்னா?” என்று நான் நடுரோட்டில் கத்தினேன். ஸ்டாப்பில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்துத் தன் காதைத் தானே திருகிக் காட்டினாள். பிறகு அதே காதில் ரிசீவரைப் போலக் கையை வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது.

நேற்று மூன்றே கேள்விக்கு மறந்துபோனது ஒரே ராத்திரியில் எப்படித் திரும்பி வந்தது என்று கோபத்தோடு யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். திரைக்குப் பின்னால் பாட்டில்கள் இடித்துக்கொண்ட சத்தத்தை நானும்தான் கேட்டிருந்தேன். தட்டு கனமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.