தள்ளிப்போட்ட சத்தியக்கடதாசி

நல்லூரில் பேருந்தால் இறங்கியபோது என் கைத்தொலைபேசி தொலைந்துவிட்டது. அதே இலக்கத்துக்குப் புது சிம் எடுக்க, தொலைந்ததாகச் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துவரச் சொன்னார்கள். தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கிற அறுவடை வேலையில் நான்கு நாள் தள்ளிப்போட்டேன்.

ஐந்தாம் நாள் சிம் கிடைத்ததும், அளவெட்டியில் தனியே இருந்த என் அண்ணைக்கு அழைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா எடுத்தார்.

"அண்ணை இண்டைக்குக் காலமை மோசம் போயிட்டார், பிள்ளை. உயிர் போட்டுது. நெஞ்சு நோகுதெண்டு முந்தநாள் துவக்கம் உனக்குத்தான் போன் எடுத்தவர். 'தங்கச்சி வந்தால்தான் ஆசுப்பத்திரிக்குப் போவன்' எண்டு நிண்டிட்டார்."

நான் இருக்கும் உரும்பிராயிலிருந்து அளவெட்டி தூரமில்லை. தொலைபேசி தொலைந்ததை அன்றே நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம்.

இப்போது தொலைபேசி பழுதானாலும், என்னைத் தேடக்கூடியவர்களிடம் முதலில் போய்ச் சொல்லிவிடுகிறேன். மற்ற வேலையெல்லாம் பிறகுதான்.