சபாபதி வைத்தியரின் அமாவாசைக் கேள்வி

வாலாஜாபாத்தில் ஒரு பிரசவக் கேஸை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. சபாபதி வைத்தியர் காலமாகிவிட்டார். முந்தின நாள்தான் அவருக்கு நாடி பார்த்து, "அஜீரணம்தான், சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அவர் கொடுத்த கஷாயத்தின் கசப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவருடைய நோட்டைப் பற்றிச் சிலருக்கே தெரியும். தம் மருந்துக்குக் குணமாகாதவர்களை மட்டுமே அதில் எழுதுவார். அமாவாசையன்று நெசவாளர்கள் தறியில் உட்கார மாட்டார்கள், வீட்டிலிருப்பார்கள். அன்றைக்கு அந்த வீடுகளுக்குப் போய், "நான் எதைக் கேக்காம விட்டேன்?" என்று கேட்பார்.

"தோற்ற கதைக்குத் தானே தண்டோரா போடும் வைத்தியரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று கேலி செய்வேன். இங்கிலீஷ் வைத்தியம் படித்த கர்வம் எனக்கு. அவர் சிரிப்பார். "கொணமானவன் ஊரெல்லாம் சொல்லுவான், டாக்டரே. ஆவாதவனை நாமதான் ஞாபகம் வச்சிக்கணும்."

கன்னியப்பன் என்ற நெசவாளிக்கு, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்யும் தறிக்குழியில் இறங்கினாலே கால் மரத்துப்போகும். வைத்தியர் ஒரு மண்டலம் தைலம் தேய்த்துப் பார்த்தார். நான் டானிக் கொடுத்துவிட்டு, சோம்பேறி என்று முடிவுகட்டினேன். அந்த அமாவாசைக்கு வைத்தியர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவர் குழியோரம் தரையில் உட்கார்ந்தார். நான் நின்றேன். தம் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக வெகுநேரம் சும்மா இருந்தார்.

"எங்கண்ணன் இதுல ஒக்காந்துக்கினு இருக்கசொல்லதான் செத்தாரு, சாமி" என்றான் கன்னியப்பன். "அவரு கால் வச்ச எடத்துல நான் எப்பிடி வைப்பேன்?"

வைத்தியர் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வேறு மூலையில் புதுக்குழி வெட்டச் சொன்னார். கன்னியப்பன் மெல்ல மெல்ல நெய்ய ஆரம்பித்தான். அன்று நோட்டில் அவர் எழுதியது: "காலைப் பார்த்தேன். குழியைப் பார்க்கவில்லை." பேனாவை என்னிடமும் நீட்டினார். எழுத எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் போன பிறகு வந்த முதல் அமாவாசையன்று அவர் வீட்டுக்குப் போனேன். வெட்கத்தைவிட்டு அவர் மனைவியிடம் கேட்டேன்: "அம்மா, நான் எதைக் கேட்காமல் விட்டேன்?"

அந்த அம்மாளின் குரலில் கோபமில்லை. "மாரை அடைக்குதுன்னு ஒரு வாரமா எங்கிட்ட சொல்லிக்கினு இருந்தாருபா. நீங்க வண்டிய வாசல்ல நிறுத்திட்டு, நின்னுக்கினே கையப் புடிச்சிப் பாத்துட்டுப் போயிட்டீங்க. டாக்டர் அவசரமா இருக்காரு, அப்புறம் சொல்லிக்கலாம்னாரு. கொஞ்ச நேரம் ஒக்காந்திருந்தா சொல்லியிருப்பாரு."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அம்மாள் உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். வைத்தியருடைய கடைசி வரிக்குக் கீழே, தரையில் உட்கார்ந்து எழுதினேன்: "சபாபதி. நின்றுகொண்டே பார்த்தேன்."

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நாளை அமாவாசை. மூன்று வீடுகளுக்குப் போக வேண்டும்.