மச்சானும் நானும் மெக்சிக்கோவின் குத்துச்சண்டை வீரர்களும்

மச்சான் இறந்த செய்தி வந்தபோது நான் பேருந்துக்காகக் காத்திருந்தேன். வந்த பேருந்தில் ஏறி, பல் வைத்தியரிடம் எடுத்திருந்த நேரத்துக்குப் போய், பல்லைக் காட்டி முடித்த பின்னரே மருத்துவமனைக்குச் சென்றேன். அடக்கத்தின்போதும் நான் அழவில்லை. அதைப் பலர் என் கண்ணியத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அவர் என் மனைவியின் தம்பி. யாழ்ப்பாணத்தில் இருவரும் ஒரே கல்லூரியில் படித்தோம். அவர் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே. பின்னர் நோர்வேயின் வடக்கில் ஓர் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தோம். அங்கிருந்த சிலி நாட்டுக்காரர் ஒருவர் வேறிடம் மாறிப் போனபோது ஒரு பெட்டி நிறைய வீடியோ நாடாக்களை எங்களிடம் விட்டுப் போனார். எல்லாம் மெக்சிக்கோ வீரர்களின் குத்துச்சண்டைகள். எங்களுக்கு வேலை இல்லை, இந்த நாட்டு மொழியும் தெரியாது. அந்த நாடாக்களை நாள் முழுவதும் பார்த்தோம். மெக்சிக்கோவின் தலைசிறந்த வீரர் யார் என்ற எங்கள் விவாதம் அங்கேதான் தொடங்கியது.

மச்சான் தெரிவு செய்தவர் முன்னேறிக்கொண்டே இருப்பவர். இரண்டு அடி வாங்கி ஓர் அடி கொடுப்பார். அந்த ஓர் அடி இடக்கையிலிருந்து புறப்பட்டு விலாவுக்குக் கீழே, சரியாக ஈரலில் இறங்கும். நான் தெரிவு செய்தவர் பின்வாங்கத் தெரிந்தவர். அடி வந்து சேரும் இடத்தில் அவர் இருக்கமாட்டார். பிற்காலத்தில் புதிய வீரர்கள் வந்தார்கள், நாடாக்கள் போய் இணையம் வந்தது, எங்கள் நிலைப்பாடுகள் மட்டும் மாறவில்லை. ஓஸ்லோவுக்கு வந்த பின்னர், தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் நாலைந்து பேர் ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த மச்சானின் வீட்டுக்குப் போவோம். அமெரிக்காவில் நடக்கும் சண்டைகள் இங்கே விடியற்காலையில் முடிந்துவிடும். நாங்கள் பதிவை மதியம் பார்ப்போம். முடிவைக் கைபேசியில் முன்பே பார்த்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மோர்டென்ஸ்ருட்டிலிருந்து வரும் நண்பர் ஒருவர் ஒருமுறை மூன்றாம் சுற்றிலேயே சிரித்துவிட்டார். அவரை வெங்காயம் உரிக்க அனுப்பினோம்.

"அத்தான், உங்கட ஆள் ஓடித் திரியிறதுக்குப் பேர் கலையோ?" என்பார் மச்சான்.

"அடி வாங்குவதற்குப் பெயர் வீரமோ?" என்பேன் நான்.

"கிட்டப் போகாமல் எப்பிடி அத்தான் அடிக்கிறது? தபாலிலயோ அனுப்புறது?"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். அப்போது யாராவது ஒருவர், "அண்ணை கல்லூரியில மேடை ஏறி அடிச்ச ஆள். அவரோட கதைச்சு வெல்லேலாது" என்று முடித்துவைப்பார். மச்சான் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, தேநீர் போட எழும்புவார். இது முப்பது வருடங்களுக்கு மேல் நடந்தது.

நான் மேடை ஏறியவன் அல்லன்.

எங்கள் கல்லூரியில் குத்துச்சண்டை மிகச் சில காலமே நடந்தது. விடுதிக்குப் பொறுப்பாக இருந்த கத்தோலிக்கக் குரு ஒருவர் தொடங்கினார். அவர் மாற்றலாகிப் போனதும் நின்றது. பட்டியலில் என் பெயர் இருந்தது. போட்டியன்று காலையில் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இருக்கவில்லை. குரு வரிசையைப் பார்த்தார். எடை குறைந்தவராக இருந்தும் மச்சான் கையைத் தூக்கினார். சும்மா நின்ற என்னிடம் மணி அடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். மூன்று சுற்றுகளும் மச்சான் முன்னேறிக்கொண்டே இருந்தார். மூன்றிலும் அடிபட்டார். அவருடைய மூக்கு இடப்பக்கமாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வு கடைசிவரை நேராகவில்லை. வீட்டில் தடை போடுவார்கள் என்று பயந்து, சைக்கிளால் விழுந்ததாகச் சொன்னார். என் மனைவி அவர் இறந்த பின்னும் அதையே நம்பியிருந்தாள்.

முகாமில் ஒருநாள் இளைஞர்கள் என்னிடம், "உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்கள். கல்லூரியில் அடித்திருக்கிறேன் என்றேன். மச்சான் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. அதன் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

முப்பத்தோராம் நாளுக்கான நினைவு மலரை வழக்கம்போல என்னிடமே ஒப்படைத்தார்கள். ஓஸ்லோவில் எங்கள் ஆட்கள் இறந்தால் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவதும் மலரைப் பிழை பார்ப்பதும் என் பொறுப்பு. இம்முறை மச்சானின் மகள் தானாகவே ஒரு பக்கம் எழுதியிருந்தாள். இங்கே பிறந்தவள்; தமிழில் எழுத மிகவும் பாடுபட்டிருந்தாள். அப்பாவும் மாமாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்சிக்கோ வீரர்களைப் பற்றி வாதாடியது, அப்பா ஒவ்வொரு சுற்றுக்கும் கொப்பியில் புள்ளி போட்டது எல்லாம் அதில் இருந்தன. நடுவில் ஒரு வரி: "மாமா கல்லூரியின் குத்துச்சண்டை வீரர்; அப்பா பார்த்து ரசித்தவர்."

தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, பிழை ஏதும் இருக்கோ?"

"சில எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்திவிட்டேன்."

"மிச்சம் எல்லாம் சரியோ?"

"சரி, பிள்ளை."

அந்த வரியில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருந்தது. அதையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். மலர் அச்சாகி வந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பின்னர் மண்டபத்தில் சாப்பாடு. ஆண்களின் மேசையில் பேச்சு முதலில் மச்சானைப் பற்றியதாகவும், பிறகு மெக்சிக்கோவைப் பற்றியதாகவும் போயிற்று. அவர் இல்லாததால் அவருடைய கட்சியை மோர்டென்ஸ்ருட் நண்பர் எடுத்துக்கொண்டார்.

"முன்னுக்குப் போறவன்தான் மெக்சிக்கோக்காரன். பின்னுக்குப் போறவன் எந்த ஊரிலயும் இருப்பான்" என்றார் அவர்.

"அண்ணையைக் கேளுங்கோ. அடிச்ச ஆள் சொல்லட்டும்" என்றார் இன்னொருவர், மலரைத் தூக்கிக் காட்டி.

என் எதிரே பேர்கனிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். கல்லூரியில் மச்சானோடு ஒரே வகுப்பில் படித்தவர், அடக்கத்துக்கு வர முடியாமல் இதற்கென்று வந்தவர். அவர் மலரை வாங்கி, அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்தார். பிறகு அட்டையிலிருந்த மச்சானின் படத்தைப் பார்த்தார்.

"அண்ணை, அண்டைக்கு மேடையில நிண்டது இவரெல்லே?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தன் நினைவில்தான் ஏதோ தவறு என்று எண்ணியவர்போலக் கேட்டார். வயதாகிவிட்டது, உங்களுக்கு மறந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். என் சொல்லை அந்த மேசையில் எவரும் சந்தேகித்திருக்கமாட்டார்கள். ஆனால் படத்தில் ஒளிப்படக்காரர் மூக்கை நேராக்கியிருந்தார். முழுவதும் நேராக. அதை அப்போதுதான் கவனித்தேன்.

"ஓம். அவர்தான்" என்றேன்.

"அப்ப நீங்கள்?" என்றார் மோர்டென்ஸ்ருட் நண்பர்.

"நான் மணி அடித்தேன்."

அந்த நண்பர் மலரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மணி அடிச்ச கையை வைச்சோ அண்ணை எங்களை இவ்வளவு காலமும் வெருட்டினனீங்கள்? நானும் பயந்து வெங்காயம் உரிச்சனே!"

சிரித்தார்கள். "அப்ப அண்ணையின்ர வோட்டு செல்லாது" என்றார் ஒருவர். மீண்டும் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. கையிலிருந்த கோப்பையின் சூடுகூடத் தெரியவில்லை.

பின்னால் மச்சானின் மகள் பாயாசத் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"சன்ட்?" என்றாள் நோர்வேஜிய மொழியில். பிறகு தமிழுக்கு வந்தாள். "உண்மையோ மாமா? அப்பா அடிச்சவரோ?"

"ஓம்."

"எங்களுக்குச் சொல்லவே இல்லை. வெண்டவரோ?"

"இல்லை. தோற்றார்."

"விழுந்தவரோ?"

"விழவில்லை. பின்னுக்கும் போகவில்லை."

அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலாம் சுற்றைச் சொல்லச் சொன்னாள். பிறகு இரண்டாவதை, பிறகு மூன்றாவதை. மூக்கைப் பற்றியும் கேட்டாள். நான் மணி அடித்த இடத்திலிருந்து பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். ஏன் நீங்கள் ஏறவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. நானே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்; என்னைப் பார்க்கவில்லை.

"எழுதித் தாங்கோ" என்றாள்.

ஒரு தாளில் எழுதினேன்: "பிழைதிருத்தம். பதினோராம் பக்கம். கல்லூரியின் குத்துச்சண்டை வீரர் அமரரே. அவருடைய அத்தான் அன்று காய்ச்சல் என்று பொய் சொல்லி மணி அடித்தவர்." அவள் அதைக் கைபேசியில் தட்டச்சு செய்து ஆலய அலுவலகத்தில் அச்சிட்டு வந்தாள். கத்தரித்து, மிஞ்சியிருந்த மலர்களுக்குள் ஒவ்வொன்றாக வைத்தோம். பெரும்பாலானோர் ஏற்கெனவே மலரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீடுகளில் நான் இன்னமும் வீரன்தான்.

மனைவி மண்டபத்தின் மறுபக்கத்தில் பெண்களோடு பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளுடைய கைப்பைக்குள்ளும் மலரோடு ஒரு திருத்தத் துண்டு போயிருந்தது. வீடு திரும்பும்போது சுரங்க ரயிலில் அதை எடுத்து, கண்ணாடி போட்டு வாசித்தாள். இரண்டு நிறுத்தங்கள் கடந்தன.

"அப்ப சைக்கிள்?" என்றாள்.

"இல்லை."

"உங்களுக்குக் காய்ச்சலும் இல்லை."

"இல்லை."

"தம்பிக்கு நல்லா அடிச்சுப்போட்டாங்களோ?"

"ஓம்" என்றேன்.

அவள் அந்தத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு எழுந்து, எதிர்ப்பக்கத்து வெற்றிருக்கையில் போய் உட்கார்ந்தாள். நான் என் இடத்திலேயே இருந்தேன்.