மழைப் புத்தகத்தில் இருந்த நாள்

எங்கள் அப்பா பிறந்தது வெள்ளைக்காரனின் முதல் பெரிய சண்டை முடிந்த பிற்பாடு, அரிசி கிடைக்காமல் சனம் அலைந்த காலத்தில், ஒரு தை மாதம். இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் உறைபனி விழுந்து தேயிலை கருகிப்போனதாம். இரண்டாம் நாள் விடியலில் கூலிச் சனம் வரிசையாய்க் குடியிருந்த லயத்துக் காம்பராவில் அப்பா பிறந்தார். பெற்றவளுக்குத் தேதி தெரியாது. "பனி கருக்குன ரெண்டாம் நாள்" என்பாள். எங்கள் சனம் பிள்ளைகளின் வயதை அப்படித்தான் வைத்திருந்தது. பதியப் போகவில்லை.

வெள்ளைக்காரன் போன பிறகு, எங்கள் சனத்தை இந்தியாக்காரர் என்று சொல்லிப் பிரசாவுரிமை விசாரணை வந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா இங்கே பிறந்ததற்கு எழுத்து கேட்டார்கள். இல்லையென்றால் நாங்கள் எல்லோரும் நாடில்லாதவர்கள்.

அப்பா தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரிடம் போய் நின்றார். அங்கே மழைப் புத்தகம் ஒன்று உண்டு. எத்தனை அங்குலம் மழை, என்றைக்குப் பனி என்று நாள் தவறாமல் எழுதுவார்கள். கிளாக்கர் பழைய புத்தகத்தைத் தேடியெடுத்து, பனி விழுந்த மூன்று தேதிகளையும் ஒரு துண்டுத்தாளில் எழுதினார். நடுத்தேதிக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தார்.

நுவரெலியாவுக்கு என்னையும் கூட்டிப்போனார் அப்பா. விசாரித்த அதிகாரி தாளைப் பார்த்துச் சிரித்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பனி பேஞ்சதுக்கு எழுத்து இருக்கு, நீ பொறந்ததுக்கு எங்கன்னு கேக்குறாரு."

அப்பா கைகட்டவில்லை. "தொரைமாருக்கு எங்க புள்ளையவிட கொழுந்து பெருசுங்க. அதான் பனிய மட்டும் எழுதி வச்சாங்க."

அதை மொழிபெயர்ப்பவர் அதிகாரிக்குச் சொன்னாரோ, விழுங்கினாரோ. மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

அப்பா செத்தது தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில், ஆனி மழையில். லயத்தில் பல வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள். காய்ச்சல் என்றார்கள். அது பசி. பெட்டியைத் தூக்கியவர்கள் சேற்றில் வழுக்கி வழுக்கிப் போனார்கள். நாடில்லாதவராகவே புதைத்தோம்.

மரணம் பதிய நான்தான் போனேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் அந்தத் துண்டுத்தாள் தேதி மட்டும் எனக்கு மனப்பாடம். பதிவுகாரர் அப்பா பிறந்த தேதியைக் கேட்டார், சொன்னேன். பிறந்த இடத்தைக் கேட்டார், தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார்.

"இதுக்கெல்லாம் எழுத்து வேணாங்களா ஐயா?"

"செத்தவருக்கு எதுக்கும்மா?"

அவர் எழுதிக் கொடுத்த மரணப் பத்திரம் இன்னும் என் றங்குப்பெட்டியில் இருக்கிறது. அதில் மட்டும் எங்கள் அப்பா இலங்கையில் பிறந்தவர்.