அக்கா போடாத டிக்

வளைகுடாவில் எங்கள் தமிழ்ச் சபையின் வெள்ளிக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பது என் வேலை. காணிக்கைப் பாட்டுக்கும் ஆசீர்வாதத்துக்கும் நடுவில் எனக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் சபை மக்களுக்குப் பிள்ளையின் தண்ணீர் பாட்டில் எங்கே என்ற நினைப்பு வரும், போனில் யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்கத் தோன்றும். திருமண்டல அலுவலகத்திலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தை நான் ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள், பயிற்சிகள், வளங்கள்’ என்று தமிழாக்கி வைத்திருப்பேன். முதல் முறை ‘வளங்கள்’ என்று வாசித்த அன்றைக்கு, தேரா பகுதியில் கடை வைத்திருக்கும் ஒருவர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “என்ன செயலாளரே, நம்ம காம்பவுண்டுலயும் எண்ணெய் கெடைச்சிருச்சா?” என்றார். அதற்குப் பிறகும் நான் அந்தச் சொல்லை மாற்றவில்லை. எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம்.

என்னைச் செயலாளராக்கியதற்குக் காரணம் பக்தி இல்லை. ரோலா பகுதியில் ஒரு டைப்பிங் சென்டரில் நாள் முழுக்க விசா படிவம் நிரப்புகிறவன் நான். எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் படிவம் நகரும், எதைக் காலியாக விட்டால் சிவப்பாக எரியும் என்பது என் விரலுக்குத் தெரியும். சபைக்கு அப்படி ஒரு விரல் தேவைப்பட்டது.

போன வருடம் வந்த கடிதங்களில் ஒன்று சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி பற்றியது. பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் எவரும் அதை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காதவர்கள் அடுத்த மாதத்திலிருந்து வகுப்புக்குள் நிற்கக் கூடாது. எல்லாமே ஆன்லைன். மொழிகளில் ஆங்கிலம் இருந்தது, அரபி இருந்தது, உருது இருந்தது, தமிழ் இல்லை. ஒவ்வொரு சபையும் ஒரு பொறுப்பாளரின் பெயரையும் கொடுக்க வேண்டும். ஏதாவது ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று யாருக்குத் தெரிந்தாலும் அவரிடம் சொல்ல வேண்டும், அவர் மேலே தெரிவிக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்ததால் சபையின் பதிவு நகரவே இல்லை. ஆயரைக் கேட்கலாமென்றால் அவர் மூன்று ஊர்ச் சபைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தார். என் பெயரைத் தட்டிவிட்டேன். ஐந்து நொடிகூட யோசிக்கவில்லை.

பயிற்சியை நானும் முடித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் கரண்டியோடு. எல்லாக் கேள்விக்கும் சரியான விடை. மற்ற மூன்று ஆசிரியைகளும் படித்த பெண்கள், மெட்ரோவில் வரும்போதே போனில் முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒருவர்தான்.

அவரைச் சபையில் பெரியவர்கள் அக்கா என்போம், பிள்ளைகள் ஆன்டி என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம். ரோலாவில் பெண்கள் உடை தைக்கும் கடையில் தையல்காரர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. பதினோரு வருடமாகச் சின்னப் பிள்ளைகள் வகுப்பு அவருடையது. வெட்டுத்துணியில் நோவாவின் பேழையும் ஒட்டகமும் தைத்துக் கொண்டுவந்து கதை சொல்வார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள், அவர் தமிழில் பதில் சொல்வார், இரண்டு பக்கமும் எப்படியோ புரிந்துகொள்ளும். வாரத்தில் ஆறு நாள் அவர் உயிரோடு இருப்பதே அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வகுப்பு போனால் அவருக்கு இந்த ஊரில் வேறொன்றும் இல்லை.

“எனக்கு இங்கிலீசு வராதுல்லா தம்பி, என்ன செய்ய?” என்றார்.

“நான் பாத்துக்கிறேன் அக்கா” என்று சொன்னேன். எல்லாரிடமும் அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தோம். எங்களுக்கு அடுத்து உருதுக்காரர்களின் ஆராதனை. சுவருக்கு அந்தப் பக்கம் தபலா சுருதி சேர்ந்துகொண்டிருந்தது. நான் கேள்வியைத் தமிழில் சொல்ல, அவர் விடை சொன்னார்.

ஒரு பிள்ளை விழுந்து அழுகிறது, என்ன செய்வீர்கள்? “மடியில வச்சுக்கிடுவேன்.” தப்பு. ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகப் பரிசு கொடுப்பீர்களா? “பாவாடை கிழிஞ்ச பிள்ளைக்குத்தான தச்சுக் குடுக்க முடியும்? எல்லாருக்குமா கிழிஞ்சிருக்கு?” அதுவும் தப்பு. பெற்றோர் வரத் தாமதமானால் நீங்களே தனியாக வீட்டுக்குக் கூட்டிப் போவீர்களா? “பின்ன, ரோட்டுலயா விட்டுட்டு வருவேன்?” தப்பு. ஒரு பிள்ளை, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லி ஒரு விஷயம் சொல்ல வருகிறது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பீர்களா?

“குடுத்தாத்தான அது வாயத் தொறக்கும்” என்றார்.

பத்துக்கு நான்கு. எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. பிள்ளைகளிடம் அன்பாக இருக்கிற ஒருத்தி செய்வதையெல்லாம் தேடிப் பிடித்துத் தப்பு என்று போட்டது போலிருந்தது அந்தத் தேர்வு. ஆனால் அந்த விதிகள் ஏன் வந்தன என்பதும் எனக்குத் தெரியும். மடியில் வைத்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் அக்கா மாதிரி இல்லை. அதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். வாக்குக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டி வரும், அதனால்தான் கொடுக்கக் கூடாது என்றேன். அவர் கையிலிருந்த துணிப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

“ஏற்கெனவே குடுத்திருந்தா?”

“இது பரீட்சைக்கு அக்கா” என்றேன். நான் அவ்வளவு மந்தம்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் விடைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பத்துக்கு எட்டு. தேறிவிட்டார். வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்தேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கடைசியாக ஒரு பக்கம் மட்டும் மிச்சமிருந்தது. ஒரு வாக்கியம், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், அதில் டிக் போட்டால் சான்றிதழ் வந்துவிடும்.

“இதுல என்ன எழுதியிருக்கு?”

“எனக்குத் தெரிந்த வரையில் ஆபத்தில் இருக்கும் பிள்ளைகள் பற்றி எல்லாவற்றையும் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன், இனியும் சொல்வேன், அப்படின்னு.”

அவர் டீயைக் கீழே வைத்தார். “போடாதீங்க தம்பி.”

“ஒரு டிக்தானே அக்கா. நான் அமுக்கிடுறேன்.”

“பேரு என் பேருல்லா வரும்.” துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “நம்ம சபையில அந்தப் பொறுப்பாளர் யாரு?” என்று கேட்டார்.

நான்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இருந்ததா பயம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிரியவில்லை. பிறகு சொன்னார், பெயர் சொல்லாமல். வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. எட்டு வயது. அப்பாவுக்கு விசா முடிந்து மாதங்கள் ஆகின்றன, புதுப்பிக்க வழியில்லை, அதனால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் நின்றுபோயிற்று. அப்பாவும் அம்மாவும் கிடைக்கிற வேலைக்குப் போய்விடுவார்கள். பலகை அடித்துப் பிரித்த ஃபிளாட்டில் ஒரு பார்ட்டிஷன் அவர்களுடையது, மற்றதிலெல்லாம் பேச்சலர்கள், குடும்பமில்லாமல் தங்கியிருக்கும் ஆண்கள். பிள்ளை விளக்கை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கட்டிலுக்கடியில் கிடக்கும். “யாரோ வந்து கதவத் தட்டிட்டுத் தட்டிட்டுப் போறாங்க ஆன்டின்னு சொல்லுச்சு. அம்மாட்ட சொல்லாதீங்க, அம்மா வேலைக்குப் போகாம அழும்னு கெஞ்சுச்சு. சரின்னுட்டேன்.” அன்றிலிருந்து மத்தியானத்தில் போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்து தையல் கடையில் வைத்துக்கொள்கிறார். சாயங்காலம் அம்மா வருவதற்கு முன்னால் கொண்டுபோய் விடுகிறார். அம்மாவுக்கே தெரியாது.

பயிற்சியில் செய்யக் கூடாது என்று சொன்ன அத்தனையையும் அவர் தினமும் செய்துகொண்டிருந்தார்.

பொறுப்பாளர் நிரப்ப வேண்டிய படிவத்தைத் திறந்தேன். பழக்கதோஷம். பிள்ளையின் பெயர், முகவரி, அப்பா பெயர், அம்மா பெயர். நான் தினமும் இந்தக் கட்டங்களைத்தான் நிரப்புகிறேன், நிரப்பின பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கேள்வி கேட்க ஒருவர் வருவார், வந்தவர் முதலில் விசா காப்பியைக் கேட்பார். அப்பா உள்ளே போகலாம். மூன்று பேரையும் ஊருக்கு அனுப்பலாம். ஒருவேளை நல்லதும் நடக்கலாம், உதவியும் கிடைக்கலாம், இல்லையென்று சொல்ல முடியாது. எழுதாமல் விட்டால், ஒருநாள் அக்காவுக்குக் கடையில் வேலை அதிகமாகி மத்தியானம் போக முடியாமல் போனால்? கதவைத் தட்டுகிறவன் அன்றைக்கும் வருவான். எந்தப் பக்கம் யோசித்தாலும் எனக்கு வழி தெரியவில்லை. அழுகை வந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

“யாருன்னு சொல்லுங்க அக்கா” என்றேன்.

“சொன்னா எழுதிருவீங்கல்லா?”

எழுத மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதுவேன் என்றும் வரவில்லை. தபலாக்காரர்கள் கதவைத் தட்டி, “பாய், டைம் ஹோ கயா” என்று, எங்கள் நேரம் முடிந்துவிட்டதைச் சொன்னார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டார்.

“வகுப்ப வேற ஆளுக்குக் குடுத்திருங்க தம்பி. பொய்யா ஒரு சட்டிபிகேட்ட வாங்கிட்டு அந்தப் பிள்ளைக முன்னால நிக்க எனக்கு ஏலாது.”

ஆயருக்குப் போன் செய்தேன். முழுதாகக் கேட்டார். ஜெபம் செய்தார். “அவசரப்பட வேண்டாம், ஆனா தாமதமும் பண்ண வேண்டாம்” என்றார். என்னை மாதிரியே அவருக்கும் தெரியவில்லை. அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

மாதம் பிறந்தது. அந்த வெள்ளிக்கிழமை அறிவிப்பில், சின்னப் பிள்ளைகள் வகுப்பை இனி வேறொரு சகோதரி நடத்துவார் என்று வாசித்தேன். பதினோரு வருட சேவைக்கு நன்றி என்ற வரியை எழுதி வைத்திருந்தேன், அதை வாசிக்காமல் தாளை மடித்துவிட்டேன். அக்கா கடைசி வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். ஓய்ந்துபோன மாதிரி இருந்தார்.

ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி என் சட்டையை இழுத்தாள். எத்தனையோ வாரம் பார்த்த முகம். நன்றாகத் தைத்த நீலப் பாவாடை போட்டிருந்தாள்.

“அங்கிள், ஆன்டி இனிமே கிளாஸ் எடுக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்கம்மா.”

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “என்னாலயா?”

அக்கா தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துவிட்டார். வேகமாக எழுந்து, நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பாதி வழியில் நின்றுவிட்டார்.

“இல்லம்மா” என்றேன். பிள்ளை அதை நம்பியதாகத் தெரியவில்லை. போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரென்று எனக்குத் தெரியாது என்று இனி நான் சொல்ல முடியாது.