விரல் கறுக்காத எண்ணெய்

கட்டைகளை அடுக்கிய எங்கள் டிராலி சூளைக்குள் போன பிறகுதான் எண்ணெய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். தெளிவாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துக் கிடந்தது.

விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டை அடிக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. பீங்கான் மண்ணை இரும்பு அச்சில் கொட்டி பிரஸ்ஸால் அழுத்துவோம். மண் ஒட்டாமலிருக்க அச்சில் மண்ணெண்ணெய் கலந்த ஆயிலைத் தடவ வேண்டும். வழக்கமாக லாரி ஒர்க்‌ஷாப்பில் வடித்த பழைய இன்ஜின் ஆயில்தான். அதிலிருந்த இரும்புத்தூள் சூளையில் வெந்து, வெள்ளைக் கட்டையில் பழுப்புப் புள்ளியாக வந்தது. வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பினார்.

"இன்னொரு தடவ புள்ளி வுழுந்தா பிரஸ்ஸ வித்துட்டு நெலக்கரி சொரங்கத்துக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போயிடறேன்" என்றார் என் கணவர். அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

சென்னைப் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இருந்த என் அண்ணன்தான் பேஸ் ஆயில் வாங்கச் சொன்னார். கச்சா எண்ணெயில் பெட்ரோலும் டீசலும் எடுத்தது போக அடியில் மிஞ்சுவதை மறுபடி காய்ச்சி, தாரையும் மெழுகையும் நீக்கி, ஹைட்ரஜன் செலுத்தித் தெளிய வைப்பார்களாம். அதில் ரசாயன மருந்து சேர்த்தால் இன்ஜின் ஆயில். சேர்க்காததை எரித்தால் சாம்பல்கூட மிஞ்சாதாம்.

ஒரு டப்பா வாங்கி வந்தோம். எங்களிடம் பிரஸ் அடிக்கும் அக்கா அதைத் தொட்டுப் பார்த்ததுமே முகம் சுளித்தார். விரல் கறுக்காத எண்ணெய் எங்கள் பட்டறையில் யாருக்கும் எண்ணெயே இல்லை.

இப்போது கறுத்துக் கிடந்த டப்பாவை அவர் முன்னால் நீட்டினேன். "இதுல என்னக்கா கலந்தீங்க?"

"தண்ணியாட்டம் இருந்துச்சும்மா. அச்சுல மண்ணு புடிச்சிக்கிட்டா ஒங்க வூட்டுக்காரத் தம்பிக்குத்தானே நஷ்டம்? மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் பழைய ஆயிலு வுட்டேன்."

நல்லது செய்கிறேன் என்று எங்கள் தலையில் கல்லைப் போட்டுவிட்டீர்களே என்று கத்தினேன். குகை போல நீண்ட பொதுச் சூளை அது; ஒரு முனையில் நுழையும் டிராலி மறுமுனையில்தான் வெளியே வரும். பின்னால் மற்றவர்களின் டிராலிகள் வரிசையாக நுழைந்துகொண்டிருந்தன. திரும்ப இழுக்க வழியில்லை.

விஷயத்தைச் சொன்னபோது கணவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நேராகப் போய், விற்கப் போகிற மாட்டைக் குளிப்பாட்டுவது போல பிரஸ்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

டிராலி மறுமுனையில் வெளியே வந்தபோது அக்காவும் வந்து நின்றார். கீழ்த்தட்டில் மத்தியானம் அடித்த சரக்கு. கட்டைக்குக் கட்டை புள்ளி. காலையில் அடித்தது மேல்தட்டில் இருந்தது. அதை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கணவர்தான் ஒரு கட்டையை எடுத்து, வேட்டியில் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னொன்று. தட்டு முழுக்கப் பார்த்து முடித்தார். ஒரு புள்ளி இல்லை.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். கணவர் அவரைக் கூப்பிட்டு, கையில் ஒரு வெள்ளைக் கட்டையை வைத்தார்.

"இது காலைல நீங்க அடிச்சதுக்கா. வியாபாரிகிட்ட நான் பேசிக்கறேன். நாளைக்குப் பூரா இதேமாதிரி அடிங்க."