ரெண்டெழுத்துக் கார்

போன சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் காரின் பின்சீற்றில் இருந்து சிரித்தீர்கள். முன்னால் இருந்த சின்ன அப்பப்பா, அதாவது என்னுடைய சித்தப்பா, எதிரே வந்த ஒவ்வொரு காரின் நம்பர் பலகையையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். "அப்பா, இவர் என்ன பொலிஸோ?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தீர்கள். நான் காரை ஓரம் கட்டி நிறுத்தி, இறங்கி நின்று சத்தம் போட்டேன். ஏன் போட்டேன் என்று உங்களுக்கு விளங்கவில்லை. அவர்தான், "பிள்ளையளை விடடா, சிரிச்சா என்ன குறைஞ்சு போச்சு," என்று என்னை அடக்கினார்.

வாற ஞாயிற்றுக்கிழமை நார்சிசன் என்கிற அந்த மஞ்சள் பூ வெட்டப் போகத் திட்டம் போட்டிருக்கிறோம். அவரும் வருகிறார். அதற்கு முன்னால் இதை எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் இடையில் கோபம் வந்து குழம்பிவிடும். எனக்கு எழுத்தில் பெரிய பழக்கம் இல்லை. நீங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து மெதுவாக வாசியுங்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா, அம்மா, நான், சித்தப்பா, நான்கு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஜேர்மனிக்கு முதலே வந்தபடியால் அவர்களுக்கு விசா கிடைத்துவிட்டது. சித்தப்பா பிறகு வந்தவர். அவருடைய அகதி வழக்கு வருடக்கணக்காக இழுபட்டுக்கொண்டிருந்தது. அப்படி வழக்கு நடக்கிற ஆள், தன்னைப் பதிந்த மாவட்டத்தை விட்டு அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது. அப்போது அப்படி ஒரு சட்டம் இருந்தது. கள்ளனுக்கு இல்லை, அடிதடிக்காரனுக்கு இல்லை. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு. சித்தப்பா ஒருமுறை கூட்டாளியின் கலியாணத்துக்கு ரயிலில் போய்ப் பிடிபட்டுத் தண்டமும் கட்டியிருந்தார். இன்னொருக்காப் பிடிபட்டால் வழக்குக்கே கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

இதில் ஒன்றுமே எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்லுவார்கள்?

சரி, மாவட்டத்தின் எல்லை எங்கே இருக்கிறது? வேலி இல்லை, கேற் இல்லை. ஊர் தொடங்குகிற இடத்து மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மாவட்டத்தின் பெயர் இருக்கும். வயலுக்கு நடுவில் அதுவும் இல்லை. ஆனால் கார்களின் நம்பர் மாவட்டத்தின் எழுத்துகளோடுதான் தொடங்கும். எங்கள் பக்கத்துக் கார்களுக்கு முன்னால் மூன்று எழுத்து. பக்கத்து மாவட்டத்துக் கார்களுக்கு இரண்டு. ஓர் இடத்தில் நிற்கிற கார்களில் பெரும்பாலும் ரெண்டெழுத்து என்றால், கால் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு அது விளையாட்டு. வெளியே போகும்போதெல்லாம் சித்தப்பா, "ராசா, ரெண்டெழுத்தைக் கண்டால் உடனே கத்தோணும். ஆர் முதல் காணுறமோ அவருக்கு ரொபி," என்று சொல்லுவார். நான்தான் எப்போதும் வென்று அந்த இனிப்பை வாங்குவேன். எழுத்துப் படித்ததே அந்தப் பலகைகளில்தான்.

அந்த வருடம் சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் வாரம், சித்தப்பா சைக்கிளில் எங்கேயோ சுற்றிவிட்டு வந்து, முகமெல்லாம் சிரிப்பாகக் குசினிக்குள் நின்றார். "அண்ணி, பஸ் முடியிற இடத்தில இருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு வயல். முழுக்க மஞ்சள் நார்சிசன். நாங்களே போய் வெட்டலாமாம். கத்தியும் அங்கேயே தொங்குமாம்."

அம்மா சட்டியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது எந்தப் பக்கம்?"

"ஆத்துக்கு இந்தப் பக்கம். ஆறுதானே எல்லை, அதைத் தாண்டத் தேவையில்லை. ரெண்டு தரம் பார்த்திட்டன்."

அதன் பிறகுதான் அம்மாவும் சிரித்தார். வருடப்பிறப்புக்குச் சுவாமிப் படத்துக்கு ஒரு கை நிறையப் பூ வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கு வேறு ஆசை. "முதல் பூவை நீதான் வெட்டுறாய், கத்தி உன்ரை கையில," என்று சித்தப்பா சொல்லியிருந்தார். வீட்டில் என்னைக் கத்தியைத் தொட விடமாட்டார்கள். நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கிழமை முழுக்கத் திட்டம்தான். எந்த பஸ், எந்தச் சப்பாத்து, சாப்பாட்டுக்குப் புட்டா பாணா, பூவுக்கு வாளியா பையா. தண்டைக் கீழே பிடித்துச் சரிவாக வெட்ட வேண்டும் என்று அம்மாவின் வெங்காயத்தாளை வைத்துச் சித்தப்பா எனக்குப் பழக்கினார். "பூ வெட்டப் போறியளோ, என்ரை சமையலை வெட்டப் போறியளோ?" என்று அம்மா ஏசினார். வெட்டின தாளையெல்லாம் முட்டையோடு பொரித்து, எங்களையே சாப்பிட வைத்தார். அப்பாவுக்கு மட்டும் முகம் சரியில்லை. அவர் ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை, ஞாயிறும் போக வேண்டும். "பூப் பார்க்கிற நேரமே உனக்கு இது?" என்று சித்தப்பாவைக் கேட்டார். பொறாமை என்று நான் நினைத்தேன்.

ஞாயிறு காலை பஸ்ஸில் கடைசித் தரிப்பிடம் வரை போய், அங்கிருந்து வயல் பாதையால் நடந்தோம். தூரத்தில் மஞ்சள் தெரிந்தவுடன் நான் ஓடினேன். வயலின் ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. முதல் கார், ரெண்டெழுத்து. அடுத்தது, ரெண்டெழுத்து. அதற்கடுத்தது, அந்தப் பக்கம் நின்ற உழவு இயந்திரம், எல்லாமே.

இவ்வளவு ரெண்டெழுத்தை நான் ஒரே இடத்தில் கண்டதில்லை. துள்ளித் துள்ளிக் கத்தினேன். "சித்தப்பா! எல்லாம் ரெண்டெழுத்து! நான் வெண்டிட்டன்!"

அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

வயலில் இருந்து கை நிறையப் பூவோடு ஒரு ஜேர்மன் கிழவர் வந்தார். இது எந்த மாவட்டம் என்று சித்தப்பா தன் உடைந்த ஜேர்மனில் கேட்டார். கிழவர் பக்கத்து மாவட்டத்தின் பெயரைச் சொன்னார். அந்த ஆற்றை முன்னொரு காலத்தில் வெட்டி நேராக்கினார்களாம். ஆறு இடம் மாறியது, எல்லை மாறவில்லையாம். அவர் பெரிய பகிடி போலச் சொல்லிச் சிரித்தார். "போங்கள், போய் வெட்டுங்கள். பெட்டியில் காசைப் போட்டால் சரி, இங்கே ஒருவரும் பார்ப்பதில்லை," என்றும் சொன்னார்.

இப்போது நினைத்தாலும் அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றி எரிகிறது. திறந்த வயல். தொங்குகிற கத்தி. காவல் இல்லாத காசுப்பெட்டி. வருகிறவன் போகிறவன் எல்லோரையும் நம்புகிற நாடு, என்னுடைய சித்தப்பா அதே வயலுக்குள் காலெடுத்து வைத்தால் மட்டும் குற்றம் என்றது. பூவுக்கும் எல்லை போட்டு வைத்திருந்தார்கள்.

"அண்ணி, நீங்கள் இவனைக் கூட்டிக்கொண்டு போய் வெட்டுங்கோ. நான் பஸ்ஸடியில நிக்கிறன்," என்றார் சித்தப்பா.

அம்மாவின் முகம் சிவந்தது. "நாங்கள் உள்ளுக்கை போய்ப் பூ வெட்ட, நீங்கள் கள்ளன் மாதிரி ரோட்டில நிக்கிறதோ? எனக்கு அந்தப் பூ வேண்டாம். நடவுங்கோ!"

நான் பாதையிலேயே குந்திவிட்டேன். வென்றது நான். முதல் பூ என்னுடையது. கத்தி அதோ, கயிற்றில் தொங்குகிறது. பெரியவர்கள் திரும்பி நடக்கிறார்கள்! "சித்தப்பா பொய்! சித்தப்பா பயந்தாங்கொள்ளி!" என்று தமிழில் கத்தினேன். பிறகு வயலில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று அதையே ஜேர்மனிலும் கத்தினேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். அம்மா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். புட்டுப் பொட்டலத்தை ஒருவரும் அவிழ்க்கவில்லை.

பின்னேர இடைவேளைக்கு அப்பா வீட்டுக்கு வந்தார். அம்மா சொன்னதைக் கேட்டதும் சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "பொறுப்பிருக்கோடா உனக்கு? போக முதல் ஒழுங்காப் பார்த்தனியோ? பூ வெட்டப் போய் உன்ரை வழக்கையல்லோ வெட்டப் பார்த்தனி!"

சித்தப்பா "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கு என்றால் என்ன என்று தெரியாது. ஆனால் எனக்குப் பூ வெட்டித் தராததற்குத்தான் அப்பா ஏசுகிறார் என்று விளங்கிக்கொண்டேன். இன்னும் நாலு பேச்சு விழட்டும் என்று ஆசைப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தால் சித்தப்பா என் அறைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. சட்டைப் பையில் இருந்து ஒரு ரொபியை எடுத்து நீட்டினார்.

"வெண்டவனுக்கு," என்றார். "இண்டைக்கு நீதானடா ராசா என்னைக் காப்பாத்தினனி. அடுத்த முறையும் இப்பிடித்தான் முதலே கத்தோணும், என்ன?"

என்னை ஏமாற்றியதும் போதாமல் நக்கலும் அடிக்கிறார் என்று நினைத்தேன். ரொபியை வாங்கி, அவர் பார்த்துக்கொண்டு நிற்க, யன்னலால் வெளியே எறிந்தேன்.